வாட்ஸ்ஆப் குழு போதாதபோது: வாசகர் கேள்வி–பதில்

பலர் சேர்ந்து புழங்கும் தளங்களையும் ஆப்களையும் கட்டுவது பற்றி இம்மாதம் நிறையக் கடிதங்கள். நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறோம். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டதால் எல்லோருக்கும் ஊரும் தொழிலும் மட்டும்.

பாசன சபைப் பொறுப்பாளர், குடிமங்கலம்: ஏனுங்க, எங்க பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு) கிளை வாய்க்காலுக்கு 700 பேர் இருக்கிற வாட்ஸ்ஆப் குழு வெச்சிருக்கறோம். எந்த மடை எப்பத் தெறந்தாங்க, யாரோட முறைத் தண்ணி யாருக்குப் போச்சுன்னு சண்டை வந்தா பழைய மெசேஜைத் தேடவே அரை நாள் ஆகுது. சிலர் அழிச்சும் போடறாங்க. ஒரு ஆப் செஞ்சுக்கலாம்னு பசங்க சொல்றாங்க. செலவு பண்ணலாமுங்களா?

பேச்சுக்கு வாட்ஸ்ஆப்பே இருக்கட்டும். ஒரு குழுவில் 1,024 பேர் வரை இடம் இருக்கிறது, எல்லோர் கையிலும் ஏற்கெனவே இருக்கிறது, அதைவிட நல்ல அரட்டை ஆப்பை உங்கள் பசங்க செய்துவிடப் போவதில்லை. உங்களிடம் இல்லாதது பக்க எண் போட்ட, யாரும் தாள் கிழிக்க முடியாத நோட்டு ஒன்று. அதற்கு மட்டும் செலவு பண்ணுங்கள்.

டேட்டாபேஸில் (ஆப் தகவல் சேமிக்கும் இடம்) ஐந்து டேபிள், அதாவது பட்டியல், போதும்: உறுப்பினர், மடை, முறைப் பட்டியல், திறப்பு–அடைப்புப் பதிவு, ஆட்சேபம். முதல் மூன்றையும் திருத்தலாம். நான்காவதில் புது வரி சேர்க்க மட்டுமே முடிய வேண்டும். தலைவருக்கும்கூட அழிக்கும் உரிமை கூடாது. காலை 6 என்று தப்பாகப் போட்டுவிட்டால், 'பதிவு 412-க்குத் திருத்தம்: 7 மணி' என்று இன்னொரு வரி. இரண்டும் எல்லோர் கண்ணிலும் படும். இதை ஆப்பின் கோடில் மட்டும் எழுதி வைத்தால் நாளைக்கு வேறு பையன் வந்து மாற்றிவிடுவான். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் என்றால், ஆப் உள்ளே நுழையும் யூசருக்கு அந்த டேபிளில் 'செலக்ட்' (படிப்பது), 'இன்செர்ட்' (சேர்ப்பது) என்ற இரண்டு உரிமையை மட்டும் கொடுங்கள். 'அப்டேட்' (திருத்துவது), 'டெலீட்' (அழிப்பது) உரிமை இல்லாவிட்டால் ஆப்பில் பிழை இருந்தாலும் பதிவு பிழைத்துக்கொள்ளும்.

நேரத்துக்கு இரண்டு கட்டம் வையுங்கள்: மடை திறந்ததாக ஆள் சொல்லும் நேரம், சர்வருக்கு வந்து சேர்ந்த நேரம். வாய்க்கால் மேட்டில் சிக்னல் கிடைக்காது. லஸ்கரோ (வாய்க்கால் பார்க்கும் அரசு ஊழியர்) மடை பார்ப்பவரோ போட்ட பதிவு போனிலேயே தங்கி, ஊருக்குள் வந்த பிறகுதான் போகும். இரண்டுக்கும் இடைவெளி மூன்று மணி நேரம் என்றால் அது சாதாரணம். இரண்டு நாள் என்றால் ஆட்சேபம் வந்ததைப் பார்த்துவிட்டு எழுதியிருக்கவும் கூடும், சபை விசாரித்துக்கொள்ளட்டும்.

இங்கே ஒரு பிழை கிட்டத்தட்ட நிச்சயமாக வரும். சர்வர்கள் உலகப் பொது நேரத்தில் ஓடும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். தேதி வாரியாகப் பட்டியல் எடுக்கும்போது அதை மாற்றிக் கணக்கிடாவிட்டால், நள்ளிரவு 12 முதல் அதிகாலை 5.30 வரை திறந்த மடைகள் எல்லாம் முந்தின நாள் கணக்கில் போய் உட்காரும். ராத்திரி முறைக்காரர்தான் முதலில் சண்டைக்கு வருவார், அவர் பக்கம் நியாயமும் இருக்கும். பொது நேரத்திலேயே சேமியுங்கள். காட்டும்போதும் நாள் பிரிக்கும்போதும் இந்திய நேரத்துக்கு மாற்றுங்கள்.

உறுப்பினரின் அடையாளமாகப் போன் நம்பரை வைக்காதீர்கள். ரத்தான நம்பரை 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்பது தொலைத்தொடர்பு விதி. பழைய ஆளின் முறைத் தண்ணீர் உரிமை முன்பின் தெரியாதவர் கைக்குப் போகும். ஒவ்வொருவருக்கும் மாறாத உள் எண் ஒன்று, அதோடு இணைத்த போன் நம்பர்கள் எத்தனை வேண்டுமானாலும் என்று இருக்கட்டும். அப்பாவும் மகனும் ஒரே போனில் இருக்கும் வீடுகளுக்கும் அதுதான் வழி. நுழையும்போது 'இப்போது யார்?' என்று கேட்டால் போதும்.

ஓடிபி அனுப்ப எஸ்எம்எஸ் வேண்டுமானால் டிஎல்டி பதிவு (தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் செய்வது) கட்டாயம்: அமைப்பின் பெயர், அனுப்புநர் பெயர், வாசகம் மூன்றுக்கும் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி வாங்கிய வாசகத்தில் ஒரு சொல்லை மாற்றினாலும் மெசேஜ் வழியிலேயே நிற்கும். உங்கள் திரையில் 'அனுப்பப்பட்டது' என்றே காட்டும். ஆதார் எண்ணையும் பட்டா நகலையும் வாங்கிச் சேர்க்காதீர்கள். முறைத் தண்ணீர்க் கணக்குக்கு அவை தேவையே இல்லை. 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தேவைக்கு மேல் வாங்காதே என்றுதான் சொல்கிறது.

மஞ்சள் வியாபாரி, ஈரோடு: ஏல விலையை விவசாயிகளே போடற மாதிரி ஆப் விட்டிருக்கோம். சிக்னல் மந்தமா இருந்தா ஒரே விலை மூணு தடவை விழுகுது. 'சரிதான்'னு தட்டுனவங்க வெளியில 42ன்னு காட்டுது, உள்ள போனா 43 பேர் இருக்கறாங்க. ஒருத்தர் ஒரு சைபர் சேத்திப் போட்டதுல சராசரி எங்கியோ போயிருச்சுங்க.

மூன்றும் தனித்தனிக் கோளாறு.

முதலாவதில், போன் அனுப்பியது சர்வருக்கு வந்துவிட்டது. 'வாங்கிக்கொண்டேன்' என்ற பதில்தான் திரும்பும் வழியில் தொலைந்தது. வரவில்லை என்று நினைத்து ஆப் மறுபடி அனுப்புகிறது. பட்டனை ஒரு தடவைக்கு மேல் அழுத்த முடியாமல் செய்வதால் இது தீராது, ஏனென்றால் மறுபடி அனுப்புவது ஆள் இல்லை, ஆப். விலை போடும் படிவம் திறக்கும்போதே போனில் ஒரு தனி எண் உருவாகட்டும். எத்தனை தடவை அனுப்பினாலும் அதே எண் கூடப் போக வேண்டும். டேட்டாபேஸில் அந்தக் கட்டத்துக்கு 'யூனிக்' கட்டுப்பாடு, அதாவது ஒரே எண் இரண்டு தடவை பதியாது. இரண்டாவது தடவை வந்தால் சர்வர் புதிதாக எழுதாமல் முதல் பதிவையே திருப்பிக் கொடுத்து 'சரி' என்று சொல்ல வேண்டும். 'ஏற்கெனவே உள்ளது' என்று சிவப்பு எழுத்தில் காட்டினால் விவசாயி விலையில் ஐந்து ரூபாய் மாற்றிப் போட்டுப் பார்ப்பார். மறுபடி இரட்டைப் பதிவுதான். பட்டனை அழுத்தும் நேரத்தில் எண்ணை உருவாக்கினால் ஒவ்வொரு அழுத்தலுக்கும் புது எண் வரும், செய்ததே வீண்.

இரண்டாவது, இருவர் ஒரே நொடியில் தட்டியது. இருவருக்கும் சர்வர் பழைய எண் 41-ஐப் படித்தது, இருவருக்கும் ஒன்று கூட்டி 42 என்று எழுதியது. பெயர்ப் பட்டியலில் 43 பேர். படித்து, கூட்டி, எழுதுவதை ஆப் செய்யக் கூடாது. 'இருக்கிற எண்ணிக்கையோடு ஒன்று சேர்' என்று டேட்டாபேஸுக்கே ஒற்றைக் கட்டளையாகக் கொடுங்கள். பெயர் சேர்ப்பதும் எண் கூட்டுவதும், நடந்தால் இரண்டும் நடக்கும் இல்லாவிட்டால் இரண்டும் நடக்காது என்றபடி, ஒரே டிரான்ஸாக்‌ஷனில் இருக்கட்டும். உங்கள் அளவுக்கு எண்ணிக்கையைத் தனியாகச் சேமிக்கவே வேண்டாம் என்பது எங்கள் கட்சி. பெயர்களை எண்ணிக் காட்டினால் போயிற்று. ஒரு விலைக்குச் சில நூறு பேர் தட்டுவதை எண்ண டேட்டாபேஸுக்கு ஒரு சிரமமும் இல்லை.

மூன்றாவதுக்குச் சராசரியை விட்டுவிட்டு நடு விலையை எடுங்கள். குவிண்டால் 13,200, 13,450, 13,500, 13,600 என்று நால்வர் போட, ஐந்தாமவர் 1,35,000 என்று போட்டதாக வைப்போம். சராசரி 37,750. வரிசையாக அடுக்கி நடுவில் நிற்பதை எடுத்தால் 13,500. விரலி மஞ்சளையும் கிழங்கு மஞ்சளையும் ஒரே கணக்கில் போட்டுவிடாதீர்கள். நேற்றைய நடு விலைக்கு இரண்டு மடங்குக்கு மேலோ பாதிக்குக் கீழோ வந்தால் 'இந்த விலை சரிதானா?' என்று ஒரு தடவை கேட்கலாம். தள்ளிவிட வேண்டாம், விலை உண்மையிலேயே எகிறும் நாளில்தான் ஆப் எல்லோருக்கும் தேவைப்படும்.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. மற்றவர்கள் போட்ட விலையைப் பார்த்த பிறகு போடுபவர் அதை ஒட்டியேதான் போடுவார். காலையில் முதலில் போடும் இரண்டு பேர் அன்றைய விலையைத் தீர்மானித்துவிடலாம், அது எந்த வியாபாரிக்கும் தெரியும். தன் விலையைப் போட்ட பிறகே மற்றவர் விலை தெரியும்படி வையுங்கள். போடாதவர்களுக்கு அரை மணி கழித்துத் திறக்கட்டும்.

பவர் டேபிள் (பனியன் தையல்) கான்ட்ராக்டர், 15 வேலம்பாளையம், திருப்பூர்: ஜாப் ஒர்க் கொடுக்கிற யூனிட்களுக்கு நட்சத்திரம் போடுகிற தளம் ஒன்றை நாலு பேர் சேர்ந்து தொடங்கினோம். மூன்று பேர் ஐந்து நட்சத்திரம் போட்ட புது யூனிட் முதலிடத்தில் இருக்கிறது. 80 பேர் போட்ட நல்ல யூனிட் கீழே கிடக்கிறது. பேமென்ட் இழுத்தடிப்பவர்களுக்குக் குறைத்துப் போட எல்லோருக்கும் பயம்.

வரிசைக்கு ஒரு சின்னக் கணக்கு போதும். ஒவ்வொரு யூனிட்டுக்கும் தளத்தின் பொதுச் சராசரியில் பத்துப் பேர் ஏற்கெனவே ஓட்டுப் போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். பொதுச் சராசரி 3.9 என்றால், மூன்று பேர் ஐந்து போட்ட யூனிட்டுக்கு 39-உம் 15-உம் சேர்ந்து 54. அதை 13-ஆல் வகுத்தால் 4.15. சராசரி 4.4 உள்ள 80 பேர் யூனிட்டுக்கு 39-உம் 352-உம் சேர்ந்து 391. 90-ஆல் வகுத்தால் 4.34. நல்லது மேலே வந்துவிட்டது. பத்து என்ற எண் தளத்துக்குத் தளம் மாறலாம். ஒரு யூனிட்டை நம்பக் குறைந்தது எத்தனை பேர் சொல்ல வேண்டும் என்று தொழிலில் இருக்கும் உங்களுக்குத் தோன்றுகிறதோ, அது.

ஆனால் நட்சத்திரமே உங்கள் தொழிலுக்குப் பொருந்தாது. ஓவர்லாக் ஆளுக்கும் செக்கிங் ஆளுக்கும் நாலு நட்சத்திரம் என்பது ஒன்றாக இருக்காது. கேள்வியை மாற்றுங்கள்: பில் கொடுத்த தேதி என்ன, பணம் கைக்கு வந்த தேதி என்ன, பேசிய பீஸ் ரேட்டில் பிடித்தம் உண்டா. மூன்றும் நடந்த விஷயம், அபிப்பிராயத்துக்கு இடமில்லை. யூனிட்டின் பக்கத்தில் 'பேமென்ட்டுக்கு ஆகும் நாள், நடு மதிப்பு 38' என்று வந்தால் படிப்பவருக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ஓட்டுப் போடும் உரிமை யாருக்கு என்பதைத் தளம் கட்டும்போதே பூட்ட வேண்டும். தளத்தின் வழியாக ஒரு ஆர்டர் பேசி, இரு தரப்பும் 'முடிந்தது' என்று அழுத்தியிருந்தால்தான் படிவம் திறக்கட்டும். ஆர்டர் எண்ணும் ஆள் எண்ணும் சேர்ந்து யூனிக். ஒரு ஆர்டருக்கு ஒருவர் ஒரு தடவைதான். பேமென்ட் கொடுக்காத யூனிட் 'முடிந்தது' என்று அழுத்தாமலே இருந்துவிடும் என்பதால், டெலிவரி ஆகி 30 நாளில் தானாகவே முடிந்ததாகக் கொள்ள வேண்டும். இதை விட்டுவிட்டால் மோசமான யூனிட்டுக்கு மதிப்பீடே வராது.

பயத்துக்கு நடைமுறையில் தேறிய வழி ஒன்று இருக்கிறது. வீடுகளை நாள் வாடகைக்கு விடும் தளமான ஏர்பிஎன்பி 2014-இல் கொண்டுவந்தது: இரு தரப்பும் எழுதி முடிக்கும் வரை, அல்லது 14 நாள் கெடு தீரும் வரை, யார் என்ன எழுதினார்கள் என்று யாருக்கும் தெரியாது. பதிலடிக்கு வழி அடைபடும். அங்கே வந்தவர் போய்விடுவார், திருப்பூரில் அடுத்த சீசனுக்கும் அதே யூனிட் வாசலில்தான் நிற்க வேண்டும். எனவே குறைந்தது ஐந்து பேர் பதிந்த பிறகே யூனிட்டின் கணக்கு வெளியே தெரியட்டும். தேதி போடாதீர்கள், மாதம் போதும். பீஸ் எண்ணிக்கையையும் மறைத்துவிடுங்கள். '4,200 பீஸ் காலர் டி-ஷர்ட்' என்றால் யார் எழுதியது என்று யூனிட்டில் எல்லோருக்கும் தெரியும்.

கணினி அறிவியல் இறுதியாண்டு மாணவி, பீளமேடு: கல்லூரிக்குள் பயன்படுத்த ஒரு சமூக வலைத்தளம் புராஜெக்ட்டாகச் செய்கிறோம். 5,000 பேர் எதிர்பார்க்கிறோம். காஃப்கா (பெரிய தளங்களில் தகவல் கடத்தும் மென்பொருள்), மைக்ரோசர்வீஸ் (தளத்தைப் பல சிறு நிரல்களாகப் பிரிப்பது) எல்லாம் வேண்டும் என்கிறார்கள் நண்பர்கள். ஃபீடை (தளத்தைத் திறந்ததும் வரும் பதிவு வரிசை) எழுதும்போதே எல்லோருக்கும் பிரித்துப் போடுவதா, படிக்கும்போது சேகரிப்பதா?

கணக்கைப் போட்டுப் பார்த்தால் நீங்களே சொல்லிவிடுவீர்கள். 5,000 பேர், ஆளுக்கு நாளைக்கு 2 பதிவு, ஒவ்வொருவரையும் சராசரி 100 பேர் பின்தொடர்கிறார்கள். எழுதும்போதே பிரித்தால் நாளைக்கு 10 லட்சம் வரி எழுத வேண்டும். படிக்கும்போது சேகரித்தால், ஆளுக்குப் பத்து தடவை திறந்தாலும் 50,000 கேள்விதான். நொடிக்கு ஒன்றுகூட இல்லை. உச்ச நேரத்தில் இருபது மடங்கானாலும் ஒரு சாதாரண போஸ்ட்கிரெஸ் தாங்கும். எழுதியவர், நேரம் இரண்டையும் சேர்த்து ஒரு இன்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் அட்டவணை) போடுங்கள். அது இல்லாவிட்டால் எந்த முறையும் தவழும்.

எழுதும்போதே பிரிப்பது எப்போது லாபம்? எழுதுவது குறைவு, படிப்பது மிக அதிகம் என்ற நிலையில். அங்கும் ஒருவரை 2 லட்சம் பேர் பின்தொடர்ந்தால் அவர் ஒரு 'வணக்கம்' போட்டதும் 2 லட்சம் வரி. ட்விட்டர் இரண்டையும் கலந்தது அதனால்தான்: சாதாரணமானவர்களுடையதைப் பிரித்து வைத்து, பிரபலங்களுடையதைப் படிக்கும்போது சேர்த்தது. உங்கள் கல்லூரியில் முதல்வர் பதிவுக்குக்கூட இது தேவைப்படாது.

உண்மையில் உதைக்கப் போவது பக்கம் பிரிப்பது. 'முதல் 20-ஐ விட்டு அடுத்த 20' என்று ஆஃப்செட் முறையில் எழுதினால், படிப்பவர் கீழே இறங்குவதற்குள் புதிதாக மூன்று பதிவு வந்துவிட, முன்பு பார்த்த மூன்று மறுபடி தலைகாட்டும். 'கடைசியாகப் பார்த்த பதிவு எண்ணுக்கு முந்திய 20' என்று கேளுங்கள். காஃப்காவை விட்டுவிட்டு, யார் யாரைத் தடுத்திருக்கிறார்கள் என்ற டேபிளை ஃபீட், தேடல், அறிவிப்பு, கமென்ட் நாலு இடத்திலும் சரியாக மதிக்கிறீர்களா என்று சோதியுங்கள். பிளாக் செய்த ஆளின் பெயர் நோட்டிஃபிகேஷனில் எட்டிப் பார்ப்பது மாணவர் புராஜெக்ட்களில் மட்டும் நடப்பதில்லை.

நூலக வாசகர் வட்டம், கோபிசெட்டிபாளையம்: ஊர் வரலாற்றுத் தகவல்களை உறுப்பினர்களே எழுதிச் சேர்க்கும் தளம் வைத்திருக்கிறோம். 'கொடுமுடி' என்று தேடினால் பாதிக் கட்டுரைகள் கிடைப்பதில்லை. கண்ணுக்கு எழுத்துகள் ஒன்றாகவே தெரிகின்றன. 'கவுந்தப்பாடி'யும் அப்படியே.

இரண்டும் வேறு வேறு வியாதி.

'கொ' என்பதில் உள்ள உயிர்மெய்க் குறியை யூனிகோடில் (கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறை) ஒரே குறியீடாகவும் வைக்கலாம். ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் வைக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. பழைய எழுத்துருக்களில் இருந்த கட்டுரைகளை மாற்றித் தரும் சில மென்பொருள்களும், பிடிஎஃப்பிலிருந்து நகலெடுப்பதும் இரண்டாகப் பிரிந்த வடிவத்தைக் கொண்டுவந்துவிடும். கண்ணுக்கு 'கொடுமுடி' நாலு எழுத்து. முதல் வகையில் அது 8 குறியீடு, 24 பைட். இரண்டாம் வகையில் 9 குறியீடு, 27 பைட். கணினிக்கு இவை இரண்டு வெவ்வேறு சொற்கள்.

சேமிக்கும் இடத்திலும் தேடும் பெட்டியிலும் என்எஃப்சி என்ற ஒருமைப்படுத்தலைச் செய்தால் இது தீரும். போஸ்ட்கிரெஸ் 13 முதல் 'நார்மலைஸ்' என்ற ஃபங்ஷனே இருக்கிறது. ஏற்கெனவே உள்ள கட்டுரைகளுக்கும் ஒரு தடவை ஓட்டிவிடுங்கள், பேக்கப் எடுத்துவிட்டு.

'ஔ' வரிசைக்கு அது போதாது. 'கௌரி' என்று அடிக்க வேண்டிய இடத்தில் கொம்பு போட்டுப் பக்கத்தில் 'ள' எழுத்தையே அடிப்பவர்கள் ஏராளம். என்எஃப்சி அதைத் தொடாது, ஏனென்றால் அங்கே இருப்பது முறையான 'ள'. கொம்பையும் 'ள'வையும் கண்ட இடத்தில் எல்லாம் மாற்று என்று கட்டளை கொடுத்தால் 'தெளிவு', 'வெள்ளம்', 'கெளுத்தி' எல்லாம் நாசமாகும். 'ள'வுக்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் விட்டுவிடு, வராவிட்டால் மட்டும் மாற்று என்பது விதி. அதையும் தேடலுக்கான நகலில் மட்டும் செய்யுங்கள். உறுப்பினர் எழுதிய மூலத்தில் கை வைக்க வேண்டாம்.

கவுந்தப்பாடி–கௌந்தப்பாடி, கவுண்டம்பாளையம்–கௌண்டம்பாளையம், கோபி–கோபிச்செட்டிப்பாளையம் போன்றவை எழுத்து வழக்கு வேறுபாடு. இதற்கு மென்பொருள் கிடையாது. ஊர்ப்பெயர்களுக்கு ஒரு மாற்றுப்பெயர் டேபிள் போட்டு, உறுப்பினர்களையே நிரப்பச் சொல்லுங்கள். ஊர்க்காரர்களுக்கு இது ஒரு மாலை வேலை. வேர்ச்சொல் தேடலுக்கு போஸ்ட்கிரெஸ் 12 முதல் தமிழும் உண்டு. 'ஊரில்', 'ஊருக்கு' போன்றவற்றை ஓரளவு சமாளிக்கும், ஊர்ப்பெயர்களில் அதை நம்பாதீர்கள்.

கூடவே மூன்று. தலைப்பை இத்தனை எழுத்தோடு வெட்டு என்று எழுதும்போது குறியீட்டை எண்ணி வெட்டினால் 'கோ' நடுவில் அறுந்து 'க' என்று நிற்கும். பார்க்கும் எழுத்தை அலகாகக் கொண்டு வெட்டும் நூலகங்களைப் பயன்படுத்துங்கள். அகரவரிசைக்குத் தமிழ் கொலேஷன் (வரிசைப்படுத்தும் விதி) தேவை; குறியீட்டு வரிசையில் விட்டால் 'ன' போய் 'ப'வுக்கு முன் நிற்கும். டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல் என்றால் 'யூடிஎஃப்8' என்ற பழைய வகை மூன்று பைட் வரைதான் தாங்கும். தமிழுக்கு அது போதும், இமோஜிக்கு நாலு பைட். ஒரு உறுப்பினர் கட்டுரைக் கடைசியில் கைகூப்பும் இமோஜி போட்டதும் மொத்தக் கட்டுரையும் சேமிக்க மறுக்கும். 'யூடிஎஃப்8எம்பி4' போடுங்கள்.

முட்டைப் பண்ணையாளர், நாமக்கல்: 2,000 பண்ணையாளர்கள் உள்ள எங்கள் தளத்தில் விலைப் பேச்சு சாதிப் பேச்சாகிவிடுகிறது. சாதிப் பெயர்களைத் தடைச்சொல் பட்டியலில் போட்டோம். புகார் பட்டனும் வைத்தோம். பத்துப் பேர் சேர்ந்து வேண்டாதவர் பதிவை மறைத்துவிடுகிறார்கள்.

தடைச்சொல் பட்டியலை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். நம் பக்கத்தில் பாதி ஊர்ப்பெயரில் சாதிப்பெயர் இருக்கிறது. கோபிசெட்டிபாளையத்திலிருந்து முட்டை லாரி வருகிறது என்று எழுதியவரைத் தளம் தடுத்திருக்கும். பெரியநாயக்கன்பாளையத்துக்காரர் முகவரியே எழுத முடியாது. திட்ட நினைப்பவர் நடுவில் ஒரு புள்ளி வைத்து எழுதிவிடுவார். பட்டியல் வேண்டும் என்றே இருந்தால் முழுச் சொல்லாக மட்டும் பொருத்துங்கள். தடுக்காமல் நிர்வாகி பார்க்கும் வரிசைக்கு அனுப்புங்கள்.

புகாருக்கு எடை போடுங்கள். ஒருவர் இதுவரை செய்த புகாரில் நிர்வாகிகள் ஏற்றது எத்தனை என்று பார்த்து, ஏற்றதோடு 1 கூட்டி, மொத்தத்தோடு 2 கூட்டி வகுத்தால் அவர் எடை. புதியவருக்கு 1/2, அதாவது 0.5. 18-இல் 15 சரியாக இருந்தவருக்கு 16/20, 0.8. பத்துப் புகாரில் ஒன்று மட்டும் தேறியவருக்கு 2/12, சுமார் 0.17. எடை 1.5 ஆனால் பதிவு தற்காலிகமாக மறையும் என்று வைத்தால், நம்பகமான இரண்டு பேரோ புதியவர் மூன்று பேரோ போதும். வம்புக்குப் புகார் செய்பவர்கள் ஒன்பது பேர் திரள வேண்டும், அடுத்த தடவை இன்னும் அதிகம். மறைந்த பதிவை நிர்வாகி 12 மணி நேரத்தில் பார்க்காவிட்டால் தானாகத் திரும்பி வரட்டும். இதை வைக்காவிட்டால் நிர்வாகி ஊருக்குப் போன வாரத்தில் கும்பல்தான் நிர்வாகி.

அழிப்பது என்பதையே 'மறைப்பது' என்று மாற்றுங்கள். வார்டு கன்னிங்ஹாம் 1995-இல் முதல் விக்கியை வெளியிட்டார். அந்த வழியில் வந்த விக்கிப்பீடியா யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று விட்டும் தாக்குப்பிடிப்பதற்குப் பெரிய காரணம், ஒவ்வொரு திருத்தமும் பதிவில் இருப்பதும், கெடுப்பதைவிடச் சரிசெய்வது எளிது என்பதும்தான். யார் மறைத்தார், எந்த விதிப்படி, எப்போது என்ற மூன்றும் பதிவாகட்டும். மறைத்தவரே மேல்முறையீட்டை விசாரிக்கக் கூடாது. இதை ஆப்பே தடுக்க வேண்டும், வாய்ச்சொல்லில் விட வேண்டாம். நிர்வாகிகள் மூவரும் ஒரே ஊர், ஒரே தீவன ஏஜென்ட் என்றால் எந்த மென்பொருளும் உதவாது.

புதியவர் வந்த அன்றே பத்துப் பதிவு போட முடியாதபடி வைப்பதும் நல்லது. டிஸ்கோர்ஸ் என்ற இலவச விவாதத்தள மென்பொருளில் இது உள்ளிருப்பாகவே வருகிறது: குறைந்தது 5 தலைப்பு திறந்து, 30 பதிவு படித்து, மொத்தம் 10 நிமிடம் செலவழித்த பிறகுதான் அடுத்த நிலை. ஒருவருக்குத் தெரியாமலே அவர் பதிவை மற்றவர்களிடமிருந்து மறைக்கும் தந்திரத்தைச் செய்யாதீர்கள். நாமக்கல் அளவு ஊரில் டீக்கடையில் ஒரே நாளில் தெரிந்துவிடும்.

தென்னை உற்பத்தியாளர் குழு, பொள்ளாச்சி: டிஸ்கோர்ஸை எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே இன்வெர்ட்டர் வைத்து ஓட்டலாமா?

வேண்டாம். கரண்ட்டை இன்வெர்ட்டர் பார்த்துக்கொள்ளும், இன்டர்நெட் பெட்டியின் முகவரி மாறுவதை அது பார்க்காது. மாத வாடகைக்கு ஒரு சின்ன சர்வர் எடுங்கள். 1 ஜிபி ராமில் ஓடும், ஆனால் 2 ஜிபி ஸ்வாப் (ராம் போதாதபோது டிஸ்க்கில் ஒதுக்கும் இடம்) சேர்க்காவிட்டால் அப்டேட் செய்யும்போது நடுவழியில் நின்றுவிடும், தளமும் கூடவே விழும். 2 ஜிபி ராமாகவே எடுத்துவிடுங்கள். டிஸ்கோர்ஸுக்கு மெயில் உயிர்நாடி. அது இல்லாமல் யாரும் கணக்கே தொடங்க முடியாது. வாடகை சர்வர்கள் பலவற்றில் மெயில் போகும் வழியான 25-ஆம் போர்ட்டை அடைத்து வைத்திருப்பார்கள். மெயில் அனுப்பும் சேவை ஒன்றை வாங்கி, 587-ஆம் போர்ட் வழியாக அனுப்பி, மெயில் உங்களுடையதுதான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டையும் டொமைனில் போட்டால்தான் ஸ்பேம் பெட்டிக்குப் போகாமல் சேரும். பேக்கப் தினமும் வேறு நிறுவனத்தின் இடத்துக்குப் போகட்டும். மாதம் ஒரு தடவை அதை ஒரு காலி சர்வரில் ஏற்றி, தளம் திறக்கிறதா என்று பாருங்கள். ஏற்றிப் பார்க்காத பேக்கப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அதே குழு: உடுமலைக் குழுவின் தளத்தோடு எங்களுடையதை இணைக்க முடியுமா?

ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறை இருக்கிறது. 2018-இல் இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி ஏற்றது. ட்விட்டர் மாதிரியான மஸ்டொடான் ஓடுவது அதில்தான். டிஸ்கோர்ஸுக்கும் அதற்கான பிளகின் (கூடுதல் இணைப்பு) உண்டு. இணைத்த பிறகு உங்கள் தளத்தில் ஒரு பதிவை அழித்தால் அடுத்த தளத்துக்கு 'அழித்துவிடு' என்ற வேண்டுகோள்தான் போகும். அங்கே அழிவது அவர்கள் சர்வரின் கையில். இரண்டு குழுவும் முதலில் நிர்வாக விதியைப் பேசி முடித்துவிட்டு இணையுங்கள். கொப்பரை விலையும் கூட்டத் தேதியும் மட்டும் பகிர்ந்தால் போதும் என்றால், புதுப் பதிவுகளைத் தானாக எடுக்க உதவும் ஆர்எஸ்எஸ் முகவரியை இரு பக்கமும் மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு மணி நேர வேலை.